‘வாரும்’ என்ற ஒரு சொல்

மச்சான்,

நேற்று மாலை பாடகர் குழுவின் பயிற்சிக்குப் போனேன். சிற்றாலயத்தின் கதவைத் திறந்ததும் நனைந்த குடைகளின் வாடையும், அப்போதுதான் அணைத்த மெழுகுவர்த்தியின் புகையும் சேர்ந்து வந்தன. கிறிஸ்துமசுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது. அடிக்குரல் பாடுகிறவர்களில் இந்த ஆண்டு நான் ஒருவன்தான் மிச்சம். ஆகஸ்டில் உன்னை அடக்கம் செய்த நாளிலிருந்து, உன்னிடம் நேரில் சொல்லாமல் விட்ட ஒன்று மனத்தில் கிடக்கிறது. இப்போதாவது எழுதிவிடுகிறேன்.

இந்தப் புக்கிட் ரோத்தான் சிற்றாலயத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடினோம். நீ பள்ளிப் பேருந்து ஓட்டினாய். எனக்குச் செம்பனை ஆலையில் வேலை. எனக்குப் பாட்டு பிடிக்கும், அவ்வளவுதான். சொற்களைக் கவனித்ததே இல்லை. “ஒனக்கு சுருதி சரியா இருந்தா போதும் லா, சாமி வந்தா என்ன, வராட்டி என்ன” என்று நீ கிண்டல் செய்வாய். நானும் சிரிப்பேன்.

அப்புறம் அந்த நவம்பர் வந்தது. என் மகன் தஞ்சோங் காராங்கிலிருந்து மழையில் மோட்டார் சைக்கிளில் வரும்போது சறுக்கி விழுந்தான். மருத்துவமனையில் மூன்று நாள் கிடந்தான். மூன்று நாளும் அவன் காதருகே குனிந்து, “வாடா, அப்பாகிட்ட வந்துரு” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவன் வரவில்லை. பத்தொன்பது வயது.

மூன்று வாரம் கழித்து நீ பேருந்தை என் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தாய். நாளைக்கு ஞாயிறு பூசையில் திருவருகைப் பாட்டுப் பாட வரச் சொன்னாய்.

“அந்தப் பாட்டு முழுக்க ‘வாரும், வாரும்’னுதான் இருக்கு. நான் கூப்பிட்டு யாரு வந்தா? எனக்கு ஆத்திரமா வருது மச்சான்.”

“அப்ப ஆத்திரமாவே கூப்பிடு” என்றாய். “சாமிகிட்டதானே? அவரு தாங்குவாரு.”

வந்தேன். உனக்காகத்தான் வந்தேன்.

அந்தப் பாட்டில் வாத்தியம் கிடையாது. நாம் இருவர்தான் தொடங்க வேண்டும். மற்ற மூன்று குரல்களும் ஒவ்வொன்றாக வந்து சேரும். நான் வாயைத் திறந்தேன். வந்தது பாட்டல்ல, கத்தல். சுருதி உடைந்து எங்கோ கீழே போய்விட்டது. பாடகர் குழுவை நடத்தும் டீச்சரின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. முன் வரிசையில் என் மனைவி முகத்தை மூடிக்கொண்டாள்.

நீ என் கையைத் தட்டி நிறுத்தியிருக்கலாம். உன் சுருதி எப்போதும் தவறாது. அதை உரக்கப் பிடித்து என்னை மேலே இழுத்திருக்கலாம். நீ அப்படிச் செய்யவில்லை. சரியான இடத்தை விட்டுவிட்டு, நான் போயிருந்த இடத்துக்கு இறங்கி வந்து அதே ‘வாரும்’ என்பதை என்னோடு பிடித்துக்கொண்டாய். டீச்சர் புரிந்துகொண்டார். கை மெல்ல அசைந்தது. மற்ற குரல்களும் ஒவ்வொன்றாக அங்கேயே வந்து சேர்ந்தன. பெண்களுக்குப் பாதி இடங்கள் எட்டியிருக்காது. ஆனாலும் ஒருவரும் நிறுத்தவில்லை. நான் அழுதுகொண்டே கடைசி வரி வரை பாடினேன்.

வெளியே வந்ததும், “தொண்ட காஞ்சி போச்சி, தே குடிக்கலாம் வா” என்று தேநீர்க் கடைக்கு அழைத்துப் போனாய். அந்தப் பாட்டைப் பற்றி அதற்குப் பிறகு நாம் பேசியதே இல்லை.

மகன் ஏன் போனான் என்று எனக்கு இன்றும் தெரியாது. பங்குச் சாமியாரும் பல ஆறுதல் சொன்னார். எதுவும் மனத்தில் நிற்கவில்லை. கடவுள் மனிதராக இறங்கி வந்தார் என்று சிறுவயதிலிருந்து ஒவ்வொரு டிசம்பரிலும் கேட்டிருக்கிறேன். இறங்கி வருவது என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். நீ என்னைத் திருத்தவில்லை மச்சான்; நான் விழுந்து கிடந்த இடத்துக்கே வந்தாய். அவர் வருவதும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பித்தான், இந்த ஆண்டு தனியாக நின்று அந்தப் பாட்டைத் தொடங்கப் போகிறேன்.