அப்பா சூல்நெஸில் ஏன் இறங்கினார்

ஹாம்விக்,
மார்ச் மாதம், பனி இன்னும் ஜன்னல் உயரம்

அன்புள்ள மகன் எஸ்கிலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் மூக்கைத் தவிர மற்றபடி நலம், பூனை நலம், கூரை இந்தக் காற்றுக்கும் பறக்காமல் இருக்கிறது. சிலி நாட்டில் நீயும் உன் பண்ணை மீன்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்க அப்பா நலமா என்று மட்டும் கேட்காதே, அதைச் சொல்லத்தான் இவ்வளவு தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போனில் நீ கத்தினாய், நான் கத்தினேன், கடைசியில் யார் முதலில் வைத்தது என்றுகூடத் தெரியவில்லை. கடிதத்தில் குறுக்கே பேச உனக்கு வழியில்லை பார், அதனால் வாயை மூடிக்கொண்டு படி. ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்து கிடைத்த இடுப்பு ஆபரேஷன் தேதி, விமானத்தில் ஏறி உட்கார்ந்தும் ஆயிற்று, அதற்குப் பிறகு நடுவில் சூல்நெஸில் இறங்கி எல்லாவற்றையும் ஏன் பாழாக்கினார், எழுந்து பின் சீட்டுக்குப் போயிருக்கக் கூடாதா என்று கேட்டாய். உனக்கு வருகிற கோபம் எனக்கு வராதா. தடி, கைப்பை, மப்ளர் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே இறங்கியவள் நான்.

எல்லாம் அந்தச் சளியால் வந்தது. பக்கத்து வீட்டு ஓட்வாரின் பேரப்பிள்ளைகள் மூக்கொழுக வந்து உங்க அப்பா மடியில் ஏறிச் சீட்டு விளையாடிவிட்டுப் போனார்கள், அதற்குப் பிறகு இவர் குரல் பழைய படகு இஞ்சின் மாதிரி ஆகிவிட்டது. சளி பிடித்திருக்கிறதா என்று கேட்டால் தொண்டை வறட்சி என்றார். மூக்கு ஏன் ஒழுகுகிறது என்றால் குளிராம். கண் ஏன் சிவந்திருக்கிறது என்றால் வெங்காயமாம். அன்றைக்கு வீட்டில் வெங்காயமே உரிக்கவில்லை. சளி, இருமல், காய்ச்சல் எது இருந்தாலும் புறப்படுவதற்கு முன்னால் போன் செய்யுங்கள், வேறு தேதி தருகிறோம் என்று ஆஸ்பத்திரியில் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார்கள். வேறு தேதி என்றால் இந்தக் கோடையும் போச்சு என்று இவருக்குப் பயம். இந்தக் கோடையிலும் படகில் கால் வைக்க முடியாவிட்டால் படகையே விற்றுவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாரே, நினைவிருக்கும் உனக்கு. நான் போனை எடுத்து நீட்டினேன். வாங்கினார், சட்டையில் துடைத்தார், திரும்ப மேஜையில் வைத்துவிட்டார். அதற்கு மேல் நானும் வற்புறுத்தவில்லை, எனக்கும் அந்தத் தேதியின் மேல் ஆசைதான். முகக்கவசமாவது போடுங்கள் என்றேன், போட்டால் ஏன் என்று கேட்பார்களாம். நம் ஊரில் யார் யாரைக் கேட்டிருக்கிறார்கள் சொல்லு.

நம் விமானத்தை நீ மறந்திருக்க மாட்டாய். பஸ் மாதிரி ஊர் ஊராக நின்று போகிற அதில், சின்னப் பெட்டியோடு ஏறுகிறவர்கள் எல்லாரும் த்ரோம்ஸோ ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறார்கள், அது எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் கேட்க மாட்டார்கள். காற்று எப்படி, மீன் எப்படி என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஜன்னலைப் பார்ப்போம். ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டால் எழுந்து வேறு சீட்டுக்கு மாறவும் மாட்டோம், மாறினால் அது பத்து வருஷப் பேச்சு. கால் குளிர்கிறது என்று நம் ஊர் ஆல்வில்ட் ஒரு தடவை மாறி உட்கார்ந்தாள், அவள் விட்டுவிட்டுப் போன பெண்மணி இன்றுவரை அவள் சுட்ட வாஃபிள் பலகாரத்தைத் தொடுவதில்லை. நல்ல மரியாதைதான். அந்த மரியாதையில்தான் அன்றைக்கு உங்க அப்பாவுக்கு மூச்சு நின்று போகப் பார்த்தது.

முதல் நாள் காற்றில் விமானம் வராததால் அன்றைக்கு நிரம்பி வழிந்தது. உங்க அப்பா காலை நீட்ட இடம் வேண்டும் என்று என்னை எதிர்ப்பக்கச் சீட்டுக்குத் துரத்திவிட்டு, தன் பக்கத்தில் கைப்பையை உட்கார வைத்திருந்தார். கடைசி ஆளாக யோர்டிஸ் ஏறினாள். நீ குழந்தையாக இருந்ததிலிருந்து சிலிக்குப் புறப்படும்வரை உனக்கு முடி வெட்டிய அதே யோர்டிஸ்தான். அவளுக்கு இரத்தத்தில் புற்றுநோய் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். மருந்தில் முடியெல்லாம் கொட்டிப்போய், ஊருக்கே முடி வெட்டியவள் இப்போது தன் தலையைக் கம்பளித் தொப்பிக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். சின்னச் சளியைக்கூடத் தாங்காத உடம்பு, வந்தால் ஆளையே கொண்டுபோய்விடும் என்று டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள், அதனால்தான் கூட்டத்தில் நிற்காமல் காரிலேயே காத்திருந்து எல்லாரும் ஏறிய பிறகு முகக்கவசத்தோடு வருவாள். காலியாக இருந்தது ஒரே சீட்டு. அது யார் பக்கத்தில் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா. கைப்பையை எடுத்து இவர் மடியில் வைத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தாள், கதவையும் சாத்திவிட்டார்கள்.

இப்போது சொல்லு, நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய். எழுந்து மாறினால் அவள் நோய்க்குப் பயந்து மாறுகிறோம் என்று நினைப்பாள். ஏற்கெனவே கடையில் அவளைக் கண்டதும் சிலபேர் ஒட்டிக்கொள்ளுமோ என்று மாவு அடுக்கின் பக்கம் நழுவுகிறார்கள், உண்மையில் நழுவ வேண்டியது அவள், நம்மிடமிருந்து. மாறாமல் உட்கார்ந்திருந்தால் இவருடைய ஒரு இருமல் போதும் அவளுக்கு. வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் ஆபரேஷன் போச்சு. இவர் என்ன செய்தார் தெரியுமா, ஜேப்பிலிருந்த சோம்பு மிட்டாயை எல்லாம் ஒரேயடியாக வாயில் போட்டுக்கொண்டு முகத்தை ஜன்னலில் ஒட்டி மூச்சை அடக்கிக்கொண்டார். முகம் வேகவைத்த இறால் நிறத்துக்கு வந்தது. விமானத்தில் பயமா என்று யோர்டிஸ் பாவம் அக்கறையாக விசாரித்தாள், தலையை மட்டும் ஆட்டினார். என்னால் பொறுக்க முடியவில்லை. என் பக்கத்து ஜன்னலில் மலை நன்றாகத் தெரிகிறது, இடம் மாற்றிக்கொள்ளலாம் வா என்று அவளைக் கூப்பிட்டேன். அவள் இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள், இரண்டிலும் வெள்ளையாக மூடுபனி. "தூரில், எந்தப் பனி நல்ல பனின்னு சொல்லு, அந்தப் பக்கம் வரேன்" என்றாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் தடியால் உங்க அப்பா காலைத் தட்டினேன், அது கெட்ட கால் என்பது தட்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

சூல்நெஸில் விமானத்தின் சக்கரமும் இவருடைய இருமலும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது, தொப்பியைக் கழற்றி அதற்குள் இருமினார், வாயிலிருந்த மிட்டாயும் தொப்பிக்குள்ளேயே போயிற்று. நாங்கள் எல்லாரும் வழக்கம்போல மூடுபனியைப் பார்த்தோம். யோர்டிஸ் மட்டும் இவரைப் பார்த்தாள். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது எஸ்கில், அந்தக் கண் எப்படி இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். இவர் முன் சீட்டைப் பிடித்து எழுந்து நின்றார். எங்கள் கல்யாணத்தன்றுகூட எழுந்து நாலு வார்த்தை பேசச் சொன்னதற்கு வயிற்றுவலி என்று வெளியே போன மனுஷன், விமானம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"எனக்குச் சளி பிடிச்சிருக்கு. தொண்டை வறட்சி இல்ல, சளி. நான் இறங்கணும்."

பணிப்பெண் நல்ல பிள்ளை, ஓடி வந்து பின்னால் ஒருவரோடு இடம் மாற்றித் தருகிறேன் என்று நீ சொன்னதையேதான் சொன்னாள். இந்த டப்பாவுக்குள் பின்னால் போனாலும் இதே காற்றுதானேம்மா என்றார் இவர். அப்புறம் யோர்டிஸைப் பார்த்து, "உன் நோவுக்குப் பயந்து எந்திரிக்கலே. என் நோவுக்குப் பயந்துதான்" என்றார். யோர்டிஸ் எழுந்து வழி விட்டாள், பையிலிருந்து புது முகக்கவசம் ஒன்றை எடுத்து நுனிவிரலால் நீட்டினாள். "உன் முடிய எத்தனை வருஷமா வெட்டறேன் மாக்னாரு, நீ இவ்வளவு பேசி இன்னைக்குத்தான் கேக்கறேன்" என்றாள். பிறகு சீட்டின் கைப்பிடியைத் துடைத்து, தலைக்கு மேலே காற்று வருகிற குமிழை முழுக்கத் திறந்துவிட்டு ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். நாங்கள் பனியில் இறங்கினோம். எங்கள் பெட்டி இறங்கவில்லை, உங்க அப்பாவின் ஆஸ்பத்திரிச் செருப்போடும் என் நல்ல ரவிக்கையோடும் த்ரோம்ஸோவுக்குப் போய்விட்டுத்தான் வந்தது.

நம் மீன் ஆலையை அவர்கள் ஊருக்குக் கொண்டுபோனதிலிருந்து சூல்நெஸ் மண்ணை மிதிக்க மாட்டேன் என்று சபதம் போட்டவர், அங்கேயே விடுதியில் காய்ச்சலோடு படுத்து, அவர்கள் வைத்த மீன் சூப்பை இரண்டு தட்டு குடித்தார். உப்பு கம்மி என்று வேறு சொன்னார். ஆஸ்பத்திரிக்கு நான்தான் போன் செய்தேன். வந்திருந்தால் ஒருவேளை செய்திருப்போம், ஒருவேளை திருப்பி அனுப்பியிருப்போம், இனி இலையுதிர்காலத்தில்தான் என்றார்கள். கோடை போச்சு, ஈஸ்டருக்கு உனக்குக் கிடைத்த ஒரே லீவும் அவர் நொண்டி நடக்கிறதைப் பார்க்கிறதிலேயே போகப்போகிறது, நீ கோபப்படுவது நியாயம்தான், நானும் தினமும் காலையில் காபி போடும்போது கொஞ்சம் கோபப்படுகிறேன். ஆனால் படகை விற்கிற பேச்சை இப்போது அவர் எடுப்பதில்லை, நீயும் எடுக்காதே.

யோர்டிஸுக்குச் சளி ஒட்டவில்லை. போன வாரம் ஊர் திரும்பிவிட்டாள். எங்கள் இருவருக்கும் இன்னும் மூக்கு நிற்காததால் வாசலுக்கு வரவில்லை, தள்ளுசறுக்கு வண்டியில் வந்து ஜன்னலுக்கு வெளியே பனியில் நின்றாள். உங்க அப்பாவுக்கு முடி காலரைத் தாண்டி வளர்ந்து தொங்குகிறது, வேறு யாரிடமும் வெட்டிக்கொள்ள மாட்டாராம். அவள் இரண்டு விரலைக் கத்தரி மாதிரி ஆட்டிக் காட்டினாள், பிறகு தன் தொப்பியைத் தொட்டு, முதலில் எனக்கு முளைக்கட்டும், அப்புறம் உனக்கு வெட்டுகிறேன் என்று கத்தினாள். சளி எப்படி என்று கேட்டாள். இவர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு என்ன சொன்னார் என்று நினைக்கிறாய், தொண்டை வறட்சிதான், சரியாகிவிட்டது என்றார். விமானம் முழுக்க அறிவித்த மனுஷன். அவரோடு நான் எப்படிக் குடும்பம் நடத்துகிறேன் என்று நீ ஒரு நாளாவது கேட்டிருக்கிறாயா.

ஒன்று மட்டும் செய்யப்பா. நீ கத்தியதிலிருந்து அவர் போன் பக்கத்திலேயே உட்கார்ந்து வலை பின்னுவதாக நடிக்கிறார், வலையில் கிழிசலே இல்லை. கூப்பிடு. இடுப்பைப் பற்றி, லீவைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே. தொண்டை வறட்சி எப்படி இருக்கிறது அப்பா என்று கேள். அவருக்குப் புரியும்.

ஈஸ்டருக்கு நீ நல்லபடியாக வந்து சேர வேண்டும், கடவுள் உனக்குத் துணையிருக்கட்டும், பெரிய மீனெல்லாம் உன் வலையிலேயே வளரட்டும். விமானத்தில் ஜன்னல் சீட்டாகக் கேட்டு வாங்கு, மேலே காற்றுக் குமிழைத் திறந்து வை, சாப்பிடும் முன் கையைத் துடை, பக்கத்தில் இருமுகிறவரிடம் முறைக்காமல் ஒரு முகக்கவசத்தை நீட்டு. புறப்படுகிற அன்றைக்கு உனக்கே மூக்கு ஒழுகினால் வெங்காயம் என்று சொல்லாதே, டிக்கெட்டை மாற்று. அது நம்மூர் விமானம் இல்லை எஸ்கில், நடுக்கடலில் சூல்நெஸ் கிடையாது.

இப்படிக்கு,
பாதி வழியில் இறங்கி, அதே ஆளோடு வீடு வந்து சேர்ந்த உன் அம்மா,
தூரில்