சுண்டைக்காய் அளவு ஓட்டை

நாள் 2,219. 07:00
ஃபீபி இடைநிலையம். பதிவு: காப்பாளர் வீரபுத்திரன், வயது 68. மின்சாரம் சரி. காற்றுக் கருவி சரி. இடது முழங்கால் சரியில்லை. அதைப் பதியக் கட்டம் கொடுக்கவில்லை.

யார் கையில் இது கிடைத்தாலும் புரிய வேண்டும் என்று முதலிலிருந்து எழுதுகிறேன். டைட்டன் சுரங்கத்தில் ஆளைப் படிக்கும் கருவி இருக்கிறது. உச்சந்தலை முதல் உள்ளங்கால்வரை படித்து எண்களாக்கும். படித்து முடித்தபின் உடம்பு மிஞ்சாது. எண்கள் என்னிடம் வரும். நான் செவ்வாய்க்கு அனுப்புவேன். அங்கேதான் எழுதும் கருவி. எண்களைப் பார்த்து ஆளை மறுபடி எழுதும். சனியின் வளையத் தூசியில் எண்கள் உதிரும். உதிர்ந்த இடங்களைச் சரிசெய்து அனுப்பத்தான் இந்த நிலையமும் நானும்.

அதற்கு முறை கண்டுபிடித்தவன் நான். எட்டாம் வகுப்பு, பம்புசெட் மெக்கானிக். பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஓர் இடம் காலியாகத் தெரிந்தால் டைட்டனை மறுபடி கேள். பதில் வர ஒன்றரை நிமிடம். அந்த ஒன்றரை நிமிடம் தலைமையகத்துக்குப் பொறுக்கவில்லை. கேட்பதை எடுத்துவிட்டு ‘நிரப்பி’ என்று ஒரு நிரலை வைத்தார்கள். அது யாரையும் கேட்காது. சுற்றி என்ன இருக்கிறதோ அதையே நடுவிலும் வைத்து மூடும். கடுகளவு இடம்வரை மூடிக்கொண்டிருந்தது. போன மாதம் சுண்டைக்காய் அளவுக்கு உயர்த்திவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நாள் 2,222. 07:00
இரண்டு நாள் காய்ச்சல். எழுந்திருக்கவே இல்லை. இன்று பார்த்தால் இரண்டு நாள் பதிவும் என் பெயரில் இருக்கிறது: “வழக்கம்போல். புகார் ஏதும் இல்லை.” தலைமையகம் ஆஜர் கேட்டதற்கும் இதே பதில் போயிருக்கிறது. நாட்குறிப்பும் செய்திகளும் போகிற வரிசையிலும் நிரப்பியை இணைத்திருக்கிறார்கள். நான் பேசாத இடத்தில் அது பேசுகிறது.

புகார் இல்லை என்று நான் பிறந்ததிலிருந்து சொன்னதில்லை. இதைப் பற்றியும் புகார் அனுப்பினேன்.

நாள் 2,224. 10:20
டைட்டன் கருவிக்கூடத்திலிருந்து எஸ்தர்ராணி. ஆட்களைப் படித்து அனுப்புவது அவள் வேலை. தூத்துக்குடிக்காரி. என்னோடு பேச வேண்டிய கட்டாயம் இல்லாமலே பேசுகிற ஒரே ஆள்.

“அண்ணாச்சி, கூத்தக் கேளுங்க. செவ்வாய்க்குப் போன எங்க மதினிக்குக் காதுல ஓட்டையே இல்லையாம்! கம்மல் போடப் போனா தோல் மூடிக் கெடக்காம். மூக்கும் அப்படித்தான். அம்பது வயசுல மாமன் மடியில உக்காந்து காது குத்தணுமான்னு அழுதுக்கிட்டே சிரிக்கா.”

நான் சிரிக்கவில்லை. மூக்குத் துவாரம், செவித் துவாரம் எல்லாம் நிரப்பியின் பட்டியலில் உண்டு. மனிதன் கையால் போட்ட துளை பட்டியலில் இல்லை. காலி இடமும் தொலைந்த இடமும் அதற்கு ஒன்றுதான். தலைமையகத்துக்கு எழுதினேன்.

நாள் 2,226. 09:15
தலைமைப் பொறியாளர் முகுந்தராஜின் பதில்:

“காதணித் துளை மூடுவதால் பயணப் பாதுகாப்புக்குப் பாதிப்பில்லை. நிரலின் கணித அடிப்படை அறியாதவர்கள் அதுபற்றிக் கவலைகொள்ள வேண்டியதில்லை. முழங்காலைக் கவனித்துக்கொள்ளவும்.”

கணித அடிப்படையாம். காலி இடத்தைக் கண்டுபிடிக்கும் அதன் முதல் வரியை எழுதியவன் நான். அலுப்பாக இருக்கிறது.

நாள் 2,230. 11:40
எஸ்தர் கூப்பிட்டாள். டைட்டன் சுரங்கத்தில் மாசானம் என்று ஒரு துளையிடும் தொழிலாளி, வயது 54. தொண்டையில் புற்று வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தடியில் ஓட்டை போட்டிருக்கிறது. மூச்சு அதன் வழியாகத்தான். வாய்க்கும் மூக்குக்கும் நுரையீரலோடு தொடர்பே கிடையாது. ஓட்டை சுண்டைக்காய் அளவு.

“ரத்தம் நிக்க மாட்டேங்கு அண்ணாச்சி. ரெண்டு நாள் தாங்கும்னு டாக்டர் சொல்லுதாரு. பெரிய ஆஸ்பத்திரி செவ்வாய்லதான், கப்பல் வர நாலு மாசம். நீங்க சொன்ன ஓட்டை விசயத்த மாசானத்துக்கிட்ட மறைக்காமச் சொல்லிட்டேன். சிலேட்டுல எழுதிக் காட்டுதாரு: ‘அந்தக் கிழவன் முசுடு. ஆனா கேக்காம ஒண்ணும் செய்ய மாட்டான். அனுப்பு.’”

நிரப்பியின் அளவைக் குறைக்கச் சொல்லித் தலைமையகத்துக்கு மூன்று முறை எழுதிவிட்டேன். “பரிசீலனையில் உள்ளது.”

நாள் 2,231. 06:10
மாசானம் வந்துவிட்டான். முழு ஆளும் என் நினைவகத்தில் எண்களாக இருக்கிறான். அளவைக் குறைக்கவில்லை. நிரப்பியின் கம்பியை வெட்டினேன், பயண வரிசையில் மட்டும். நாட்குறிப்பு வரிசைக் கம்பி தரைக்கு அடியில் போகிறது. அதைத் தோண்ட நேரமில்லை. பொய் எழுதினால் எழுதட்டும்.

காலி இடங்கள் ஒன்பதாயிரம். எது கழுத்து, எது கால் என்று எண்ணில் எழுதியிருக்காது. எல்லாவற்றையும் கேட்டாக வேண்டும். ஒரு தரத்துக்கு இருபது இடம், நானூற்றைம்பது தரம். பதினோரு மணி நேரத்துக்கு மேல். டைட்டனில் அவன் எண்களின் பிரதி பன்னிரண்டு மணி நேரம்தான் நிற்கும், பிறகு தானாக அழியும்.

06:50
இன்னொரு சிக்கல். ஓர் ஆளை இத்தனை நேரம் நினைவகத்தில் வைத்திருக்க மின்சாரம் போதாது. சூடேற்றியை அணைத்தேன். போதவில்லை. காற்றுக் கருவியையும் அணைத்தேன். நான் விடும் மூச்சின் கரியமில வாயு இனி அறைக்குள்ளேயே தங்கும்.

“அண்ணாச்சி, கிறுக்கா ஒங்களுக்கு? சரி, கேளுங்க. அனுப்பி முடிச்ச கையோட காத்துக் கருவியப் போட்டுருங்க. இங்கேருந்தும் எனக்கு சுவிட்ச் இருக்கு. நடுவுல போட்டா கரண்ட இழுத்து மாசானம் அழிஞ்சிருவாரு. அதனால முடிஞ்சுதான்னு கேப்பேன். நீங்க பதில் சொல்லலைன்னா நானே போட்டுருவேன்.”

சரி என்றேன். நல்ல பெண். அவள் ஷிப்டு எட்டு மணிக்கே முடிகிறது. போக மாட்டேன் என்கிறாள்.

09:30
2,500-ஆவது இடத்தில் நிற்கிறேன். முகுந்தராஜ்: “நிரப்பியை உடனே இணைக்கவும். இது உத்தரவு.” பதில் அனுப்பினேன்: “டைட்டனைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.”

12:05
4,600. குளிர். விரலில் உணர்ச்சி இல்லை, பேனாவால் விசைகளைத் தட்டுகிறேன். தலைவலி.

14:20
6,394-ஆவது இடம்.

“காலிதான் அண்ணாச்சி! தொலையல. உள்ள குழாய் மாதிரிப் போகுது. இதேதான், மாசானத்துக்க ஓட்டை! மிச்சத்த நிரப்பிக்கிட்ட விட்டுட்டு நீங்க மூச்சு விடுங்க.”

விட முடியாது. அதனிடம் கொடுத்தால் முதலிலிருந்து பார்க்கும். காலி என்று நான் விட்டு வைத்ததையும் மூடும். அவளுக்கும் இது தெரியும். இருந்தாலும் சொல்லிப் பார்க்கிறாள்.

16:15
7,900. எண்கள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. ஒவ்வொன்றையும் இரண்டு முறை படிக்கிறேன். தப்பாகக் கேட்டால் கேட்காததற்குச் சமம்.

என் முறைக்கு வேறு பெயர் வைத்து வேறு ஆள் பெயரில் பதிந்தார்கள். விழாவுக்குக் கூப்பிடவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன். மறக்கவில்லை.

17:35
9,000. முடிந்தது. செவ்வாய்க்கு அனுப்பத் தொடங்கிவிட்டேன். ஐம்பது நிமிடம் ஆகும். அதுவரை காற்றுக் கருவியைத் தொடக் கூடாது.

18:25
போய்விட்டான். முழு ஆளாக, ஓட்டையோடு.

காற்றுக் கருவியின் சுவிட்ச் முப்பது அடி தள்ளி. முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது. எஸ்தருக்குச் சொல்ல வேண்டும், முடிந்ததென்று. சற்று உட்கார்ந்துவிட்டு. அவள்தான் கேட்பாளே. நான் பதில் சொல்லாவிட்டால் அவளே போடு

18:31. வரவு, டைட்டன்
“அண்ணாச்சி, முடிஞ்சுதா? கருவியப் போட்டியளா? சத்தத்தக் காணும். பத்து நிமிசம் பாப்பேன், அப்புறம் நானே போட்டுருவேன்.”

18:41. பதில், வீரபுத்திரன்
“வழக்கம்போல். புகார் ஏதும் இல்லை.”

18:43. வரவு, டைட்டன்
“அப்பாடா! உசுரே போச்சு எனக்கு. புகார் இல்லைன்னு ஒங்க வாயால இன்னைக்குத்தான் கேக்கேன் அண்ணாச்சி. நல்லாத் தூங்குங்க. நானும் போய்ப் படுக்கேன்.”

21:52. வரவு, செவ்வாய் மருத்துவமனை
“பயணி மாசானம் வந்து சேர்ந்தார். கழுத்துத் துளை அப்படியே உள்ளது. சீராக மூச்சு விடுகிறார். ரத்தம் நின்றது. சிலேட்டு கேட்டு வாங்கி எழுதினார்: ‘கிழவன் கேட்டானா?’ என்ன சொல்லட்டும்?”

22:02. பதில், வீரபுத்திரன்
“வழக்கம்போல். புகார் ஏதும் இல்லை.”

நாள் 2,232. 07:00
ஃபீபி இடைநிலையம். பதிவு: காப்பாளர் வீரபுத்திரன், வயது 68. வழக்கம்போல். புகார் ஏதும் இல்லை.