படத்தின் பின்பக்கம்

பாலிகஞ்ச், கொல்கத்தா
2 மார்ச் 2025

அன்புள்ள நாகுவுக்கு,

தாலி கட்டிய புருஷனை வாட்ஸ்அப்பில் பிளாக் செய்த முதல் வங்கி மேலாளர் நீயாகத்தான் இருப்பாய். மீட்டிங் நடுவில் உன் போன் நாற்பத்து மூன்று தடவை மணியடித்தது என் குற்றமா? பூச்சந்தையில் அன்றைக்கு வெளிச்சம் அப்படி!

சரி, உன் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறேன். பதினைந்து நாளைக்கு ஒரே ஒரு படம், பிரிண்ட் போட்டு, தபாலில். பின்பக்கத்தில் என்ன படம், எங்கே எடுத்தது என்று விவரம். துறைமுக ஆபீஸில் இருபத்தெட்டு வருஷம் கோப்பு எழுதியவனுக்கு விருப்ப ஓய்வுக்குப் பிறகும் விடுதலை இல்லை. பழக்கதோஷம், இதற்கும் முதலில் வேண்டாத பிரிண்ட் ஒன்றின் பின்னால் வரைவு எழுதிப் பார்த்துத்தான் சுத்தப் பிரதி எழுதினேன். சிரிக்காதே.

நாற்பத்து மூன்றில் ஒன்றைப் பொறுக்க மூன்று நாள் ஆயிற்று. பூ சுமப்பவர் ஒருவர், அவரைச் சுற்றி பத்தொன்பது போட்டோகிராபர்கள். எண்ணினேன். அதில் நம் ரமேஷ்பாபுவும் உண்டு. ஜன்னல் திரைக்கம்பி நீளத்துக்கு ஒரு லென்ஸ் வாங்கியிருக்கிறார். என் படங்களைப் பார்த்துவிட்டு, "எல்லாம் இருக்கு கிரி. எதுவோ ஒண்ணுதான் இல்லை" என்கிறார். அந்த ஒன்று என்ன என்று சொல்லித் தொலைக்கலாமில்லையா!

கெடு நினைவிருக்கிறது. நீ சென்னைக்கு மாற்றலாகிப் போனபோது பேசியதுதான். வருகிற விஜயதசமிக்குள் எனக்கு ஒரு வழி பிடிபட வேண்டும். இல்லாவிட்டால் இந்த வீட்டைக் காலி செய்து, கேமராவை அங்கே பரணில் போட்டுவிட்டு, உன் அபார்ட்மென்ட் சங்கத்துக்குச் செயலாளராகிறேன். இங்கே ஒரு சின்ன கேலரியில் பூஜைக்குப் பிறகு புதியவர்களுக்குக் கண்காட்சி வைக்கிறார்கள். பன்னிரண்டு படம் வேண்டும், செப்டம்பர் பதினைந்து கடைசி நாள். அதைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன்.

வெளிச்சம் தேடி அலையும்,
கிரிதர்

(படத்தின் பின்பக்கத்தில்)
ஹவுரா பாலத்தடி, காலை 6.10. தலையில் சாமந்திக் கூடையோடு இவர் வாய் திறந்திருப்பதைப் பார்த்தால் பாடுகிறார் என்று தோன்றும். இல்லை. "ஸொரே ஜான், தாதா!" என்று என்னை நகரச் சொல்லிக் கத்துகிறார். நான் நகரவில்லை. அடுத்த நிமிஷம் கூடை என் தோளில் இடித்தது. வீடு வந்து சட்டையை உதறினேன். உனக்குப் பிடித்த நிறத்தில் ஒரு கைப்பிடி இதழ் உதிர்ந்தது.


சென்னை
11 மார்ச் 2025

அன்புள்ள உங்களுக்கு,

படம் வந்தது. நன்றாக இருக்கிறது. இதே படத்தை எங்கள் பாங்க் காலண்டரில் பார்த்த ஞாபகம். அதில் கூடை கொஞ்சம் இடப்பக்கம்.

பாடுகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். திருப்பிப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. வாடிக்கையாளர் எதிரில் இருந்தார், தன்னைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று கோபித்துக்கொண்டார்.

அடுக்களைக் குழாய் இன்னும் சொட்டுகிறதா? வேளைக்குச் சாப்பிடுங்கள்.

நாகலட்சுமி


கொல்கத்தா
20 ஜூலை 2025

அன்புள்ள நாகுவுக்கு,

மழை. குழாயும் சொட்டுகிறது, கூரையும் சொட்டுகிறது. இரண்டுக்கும் ஒரே பக்கெட், அதை நான்தான் அங்குமிங்கும் நகர்த்துகிறேன். கலைஞனின் வாழ்க்கை.

நேற்று முழுக்க உட்கார்ந்து என் படங்களை அலசினேன். முப்பத்தோராயிரம். அதில் டிராம் மட்டும் ஆயிரத்து நூறு. மஞ்சள் டாக்சியை எண்ணப் பயந்து விட்டுவிட்டேன். நாகு, எல்லோரும் எடுப்பதையே எல்லோரையும்விடச் சற்றுச் சுமாராக எடுக்கிறேன். இதைக் கண்டுபிடிக்க ஓர் உத்தியோகத்தை விட வேண்டியிருந்தது. எரிச்சலில் ஹார்ட் டிஸ்கை ஜன்னல் வழியே எறியலாமா என்று யோசித்தேன். மழை சற்று விட்ட சாக்கில் கீழ்வீட்டுத் தத்தா பௌதி முற்றத்தில் வடகம் காய வைத்திருந்தாள்.

ரமேஷ்பாபு தன் லென்ஸில் ஒரு மீன்கொத்தியைப் பிடித்திருக்கிறார். அதன் கண்ணில் அவர் முகமே தெரிகிறதாம். காண்கிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டு திரிகிறார். மீன்கொத்திக்கு என்ன தலையெழுத்தோ!

இத்துடன் பதினோராவது படம்.

கிரிதர்

(படத்தின் பின்பக்கத்தில்)
துர்கா சிலை செய்யும் குமார்ட்டுலி. ஒரு களிமண் கைக்கு எட்டு கேமரா. சிலை செய்கிறவர் என்னைப் பார்த்து, "நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்றார். போட்டோகிராபர் என்றேன். "அது தெரிகிறது. வேலை என்ன?" என்றார். ஷட்டரை அழுத்தினேன். அவர் முகத்தில் தெரிவது அந்தக் கேள்விதான்.


சென்னை
29 ஜூலை 2025

அன்புள்ள உங்களுக்கு,

சொல்லலாமா வேண்டாமா என்று நாலு மாதமாக யோசித்தேன். உங்கள் படங்களை என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வரிசையாக வைத்திருக்கிறேன். எழுத்துப் பக்கம் மேலே தெரியும்படி.

வேண்டுமென்று செய்யவில்லை. முதல் படத்தைப் படித்துவிட்டு அப்படியே வைத்தேன், அது அப்படியே நிலைத்துவிட்டது. தலைமைக் காசாளர் திருவேங்கடம் தினம் காலையில் வந்து, "மேடம், சார்கிட்டேர்ந்து புதுசு வந்துதா?" என்று கேட்கிறார். படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரிக்கிறார். இதுவரை ஒரு தடவைகூட முன்பக்கத்தைக் காட்டச் சொன்னதில்லை.

ரமேஷ்பாபு சொல்லாமல் விட்டதை நான் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நாகலட்சுமி


கொல்கத்தா
10 ஆகஸ்ட் 2025

நாகலட்சுமிக்கு,

கோபம் இல்லை. அடுப்பில் பால் பொங்கினால் அதற்குக் கோபம் என்றா பெயர்?

விடியலில் எழுந்து, மூட்டு வலியோடு மண்டியிட்டு, ஒரு வருஷமாக நாய்க்கடிக்குத் தப்பி நான் எடுத்ததெல்லாம் உன் கண்ணாடிக்கடியில் முகம் குப்புறக் கிடக்கிறது. துறைமுகத்தில் எழுதிக் கிழித்தது போதும் என்றுதானே வேலையை விட்டேன்? மறுபடி எழுத்துதான் என்றால் பென்ஷனை இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொண்டே வந்திருப்பேனே! திருவேங்கடம் சாருக்கு என் நமஸ்காரம். அவரை முதலில் பணத்தைச் சரியாக எண்ணச் சொல்.

இனி பின்பக்கம் இடம், தேதி மட்டும்தான். உன் சட்டத்தில் அவ்வளவுதான் இருக்கிறது.

கிரிதர்

(படத்தின் பின்பக்கத்தில்)
பாலிகஞ்ச் ஸ்டேஷன். 9.8.25.


கொல்கத்தா
7 செப்டம்பர் 2025

அன்புள்ள நாகுவுக்கு,

ஒரு மாதம் மௌனமாக இருந்ததற்கு மன்னிப்பைப் பிறகு தனியாகக் கேட்கிறேன். இப்போது அவசரம்.

கேலரி நடத்தும் அனுராதா அக்காவிடம், இங்கே எல்லோருக்கும் அனுராதாதி, பன்னிரண்டு பிரிண்ட் கொண்டுபோனேன். சீட்டுக் கலைக்கிற வேகத்தில் தள்ளினார். "நன்று, நன்று, நன்று." ஒவ்வொரு 'நன்று'க்கும் நான் ஒரு அங்குலம் சுருங்கினேன். குமார்ட்டுலிப் படம் வந்ததும் அதன் பின்னால் ஏதோ கிறுக்கியிருப்பதைப் பார்த்துத் திருப்பிவிட்டார். என் வரைவு, நாகு! அடித்தல் திருத்தலோடு. அவசரத்தில் அந்தப் பிரிண்ட்டையே செருகிக்கொண்டு போயிருக்கிறேன்.

"இது என்ன பாஷை? படியுங்கள்" என்றார். என் ஓட்டை வங்காளத்தில் சொன்னேன். 'வேலை என்ன?' வந்த இடத்தில் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு படத்தைத் திருப்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "இப்போதுதான் இந்த மனிதர் தெரிகிறார். கயிற்றில் தொங்கவிடலாம், இரண்டு பக்கமும் தெரியும்படி. இதுபோல் பன்னிரண்டு, பதினைந்தாம் தேதிக்குள்" என்றார்.

புதிதாக எழுதிப் பார்த்தேன். 'இதனால் சகலருக்கும் அறிவிப்பது' என்ற தோரணையில் டெண்டர் நோட்டீஸ் மாதிரி வருகிறது. மற்ற வரைவுகளை எல்லாம் தத்தா பௌதி கரப்பான் மருந்து மடிக்க வாங்கிப் போய்விட்டாள். உன்னிடம் இருப்பதில் எழுத்துள்ள பதினொன்றையும் உடனே கூரியரில் அனுப்பு, பன்னிரண்டாவதை எப்படியாவது எழுதிவிடுகிறேன். என் வழி உன் மேஜைக் கண்ணாடிக்கடியில்தான் இருக்கிறது.

பரபரப்புடன்,
கிரி


சென்னை
10 செப்டம்பர் 2025

அன்புள்ள உங்களுக்கு,

அனுப்ப மாட்டேன்.

இருபத்தாறு வருஷத்தில் நீங்கள் என்னிடம் பேசியது கேஸ் சிலிண்டர், ரயில் டிக்கெட், உங்கள் மேலதிகாரியின் அராஜகம். ஒரு நாளில் எதைப் பார்த்தீர்கள், எதற்குச் சிரித்தீர்கள், எங்கே அவமானப்பட்டீர்கள் என்று எனக்குச் சொன்னது இந்தப் பதினொன்றில்தான். மே மாதப் படத்தில் என் குறட்டை இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஞாபகம் இருக்கிறதா? அதை கேலரியில் தொங்கவிட்டு, தெரியாதவர்களுக்கு வங்காளத்தில் மொழிபெயர்ப்பீர்களா?

திருவேங்கடத்துக்குக் காட்டினேனே என்பீர்கள். காட்டியது நான். அது வேறு.

உங்களுக்கு வழி கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான், நிஜமாகவே. ஆனால் அது என் வழியாகத்தான் போக வேண்டுமென்றால் என்னைக் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் கேட்கவில்லை, அனுப்பு என்றீர்கள்.

நாகலட்சுமி


கொல்கத்தா
21 செப்டம்பர் 2025, மஹாளயம்

அன்புள்ள நாகுவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்னைத் திட்டினேன். மூன்றாம் நாள் ஆள் சேர்க்க ரமேஷ்பாபுவிடம் போய்ச் சொன்னேன். "பௌதி சொல்றது சரி" என்று உன்னை அண்ணியாக்கி ஒரே வரியில் முடித்துவிட்டார். லென்ஸ்தான் நீளம், பேச்சு குட்டை.

பதினைந்தாம் தேதி வெறுங்கையோடு அனுராதாதியிடம் போனேன். என் இடம் ரமேஷ்பாபுவுக்குப் போயிற்று. மீன்கொத்தி சுவரேறுகிறது. வயிற்றெரிச்சல் இல்லை என்று எழுதினால் நம்பமாட்டாய், அதனால் எழுதவில்லை.

மறுநாள் புதிதாக ஒரு பிரிண்ட் போட்டுக்கொண்டு குமார்ட்டுலிக்குப் போய், சிலை செய்கிறவருக்கு அவர் படத்தை நீட்டினேன். பின்பக்கத்தில் அங்கேயே உட்கார்ந்து, வங்காளத்தில், அவருக்கென்று எழுதினேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. டெண்டர் நோட்டீஸ் வரவில்லை, ஆள் எதிரில் இருந்தார். படித்துவிட்டு, "வேலை கிடைத்துவிட்டதா?" என்று கேட்டுச் சுவரில் மாட்டினார். எந்தப் பக்கம் வெளியே தெரியும்படி என்று கேட்காதே.

பிறகு பூச்சந்தைக்காரரைத் தேடிப் போனேன். இந்தத் தடவை நகர்ந்துகொண்டேன். இன்னும் ஒன்பது பேரைத் தேட வேண்டும். இதுதான் வழியா என்று தெரியாது. வழி என்றாலும் இது கேலரிக்குப் போகவில்லை, கெடுவும் தாண்டப்போகிறது. ஒப்பந்தப்படி நான் தோற்றேன்.

அதனால் கேட்கிறேன், இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன். இத்துடன் அடுக்களைக் குழாயின் படம். பின்பக்கம் காலி. வீட்டைக் காலி செய்து வருவதா, கெடுவை நீட்டுவாயா என்று அதில் நீ எழுது. எதுவானாலும் விஜயதசமிக்கு வருகிறேன். உன் குறட்டையைப் பற்றி எழுதியது உண்மை.

உன்,
கிரி


(குழாய்ப் படத்தின் பின்பக்கத்தில்)
சென்னை, 26.9.25. இந்தப் படத்தை மட்டும் முன்பக்கம் தெரியும்படி வைக்க ஆசைப்பட்டேன். அந்தத் துளி அவ்வளவு அழகு. பிளம்பரைக் கூப்பிட்டுச் சரிசெய்துவிட்டு வாருங்கள். போகவர இரண்டுக்கும் டிக்கெட் எடுங்கள். கேமராவைக் கையோடு கொண்டு வந்து, கையோடு எடுத்துப் போங்கள். இந்த வீட்டில் பரண் கிடையாது. - நாகு