கோதை, நீ கேட்ட பெரிய வண்டி

என் கோதைக்கு,

நீ இருந்தவரை உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. ஒரே கட்டடத்தில் கீழும் மேலுமாக வேலை பார்ப்பவர்களுக்குள் கடிதம் எதற்கு? இறந்தவர்களுக்கு எழுதினால் போய்ச் சேரும் என்ற நம்பிக்கையும் எனக்கில்லை. அது உனக்குத் தெரியும். இருந்தும் எழுதுகிறேன், சொல்வதற்கு வேறு ஆள் இல்லாததால்.

முதலில் ஊர்ச் சேதி. ஆஸ்பத்திரி நடக்கிறது. கீழே உன் பிரசவ வார்டுக்குச் சேலத்திலிருந்து ஒரு பெண் டாக்டர் வந்து போகிறார். நல்லவர், அதிகம் சிரிப்பதில்லை. மாடியில் என் ஸ்கேன் அறை அப்படியே இருக்கிறது. எல்லோரும் முகக்கவசம் போட்டிருப்பதால் யார் முகத்திலும் எதையும் படிக்க முடிவதில்லை. எனக்கு அது ஒரு வகையில் சௌகரியம்தான்.

உன் காரியம் முடிந்த மறுநாள் நாம் ஒன்றாகப் போய்வந்த வண்டியை உன் மகன் பெங்களூருக்கு எடுத்துப் போனான். தப்பு ஒன்றுமில்லை. ஆர்.சி. புத்தகத்தில் உன் பெயர் இருக்கிறது, அவன் உன் பிள்ளை. கிளம்பும்போது, "ஆன்ட்டி, இது உங்களோடதுதானே?" என்று பின்சீட்டிலிருந்து என் குடையை எடுத்துக் கொடுத்தான். அதை வாங்கிக்கொண்டு தெருமுனை வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆகவே எனக்கு ஒரு வண்டி வேண்டும். நீதான் எப்போதும் சொல்வாயே: "அம்பது ஆகட்டும் விமலா, பெரிய வண்டி ஒண்ணு எடுக்கறோம். நீளமா, ராஜா வூட்டு வண்டி மாதிரி. பின்னாடி உக்காந்தா முதுகப் புடிச்சி வுடுமாம்." புத்தகத்தில் படம் பார்த்துவிட்டு மாடிப்படி ஏறி வந்து காட்டுவாய். ஐம்பதுக்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்தது உனக்கு.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீ போனதிலிருந்து நான் மலைக்குப் போகவில்லை.

மாதத்தில் இரண்டு ஞாயிறு கல்வராயன் மலை ஏறி, வெள்ளிமலையைத் தாண்டி, கர்ப்பிணிகளைப் பார்த்து, கீழே அழைத்து வர வேண்டியவர்களைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு இறங்குவோமே, அது நின்றுபோனது. வண்டி இல்லை என்று கேட்டவர்களிடம் சொன்னேன். அப்படியானால் மலை ஏறும் வண்டியைத்தானே பார்க்க வேண்டும்? நான் பார்த்துக்கொண்டிருந்ததோ தரையை ஒட்டி ஓடும் நீள வண்டிகளை. நீ ஆசைப்பட்டாய் என்பது ஒரு காரணம். அப்படி ஒன்றை வாங்கிவிட்டால், மலைக்கு ஏன் போகவில்லை என்று என்னை யாரும் கேட்க மாட்டார்கள் என்பது இன்னொன்று. இரண்டில் எது பெரியது என்று எனக்கே தெளிவில்லை.

இப்போதெல்லாம் கடைக்கு நாம் போக வேண்டியதில்லை. போன் செய்தால் வண்டியை வீட்டு வாசலுக்குக் கொண்டு வருகிறார்கள். முதல் வண்டி பாண்டிச்சேரியிலிருந்து வந்தது, வெள்ளை நிறம். கூட வந்தவர் ஸ்டியரிங்கில் மருந்து தெளித்துத் துடைத்துவிட்டு என் பின்னால் வாசலைப் பார்த்தார்.

"சார் வரலீங்களா மேடம்?"

"சார் இல்லை."

"ஓ. அப்ப டிரைவர் ஓட்டிப் பார்ப்பாருங்களா?"

"நான்தான் ஓட்டுவேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "இல்ல மேடம், இந்த வண்டிக்கு விசேஷமே பின்சீட்டுதான். நீங்க ஓட்டினா பின்னாடி யாரு உக்காருவாங்க?"

கேலி இல்லை, நிஜமாகவே அவருக்குச் சந்தேகம். நானும் யோசித்துப் பார்த்தேன்.

இரண்டாவது வண்டி சேலத்திலிருந்து. கண்ணாடியை ஏற்றிவிட்டால் கள்ளக்குறிச்சி காணாமல் போய்விடுகிறது கோதை. லாரி ஆரன் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. புது மாவட்டம் ஆனதிலிருந்து ஊரில் சத்தம் ஜாஸ்தி, அது உனக்கும் பிடிக்காது. ஆனால் அந்த வண்டிக்குள் இருந்த அமைதி எனக்குப் பழகியதாகவே இருந்தது. சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறந்தால் இருக்கிற அமைதி அது. அதைப் போய் யாராவது விலை கொடுத்து வாங்குவார்களா?

இருந்தும் அதே வண்டியை மறுபடி வரச் சொன்னேன். ஏன் என்று நீ கேட்பாய். டெஸ்ட் டிரைவ் என்றால் விற்க வந்தவர் இடப்பக்கம் உட்காருவார். அரை மணி நேரம் பக்கத்து இருக்கையில் ஒரு மனிதர். "ரைட்ல எடுங்க மேடம்", "பள்ளம் மேடம்" என்று ஒரு குரல். நான் உன் பக்கத்தில் அத்தனை வருஷம் உட்கார்ந்து வந்தேனே, ஓட்டுகிறவருக்குப் பக்கத்து ஆள் எதற்கு என்று இப்போதுதான் தெரிகிறது.

மூன்றாவது வண்டியோடு வந்தவர் ரகு, ஆத்தூர்க்காரர். முப்பது வயதிருக்கும், ஓயாமல் பேசுவார். அன்று ஒரு திங்கட்கிழமை. கச்சிராயபாளையம் ரோட்டில் மலையடிவாரம் வரை போய்த் திரும்பலாம் என்றேன். "மலைல ஏத்திடாதீங்க மேடம், அடி தட்டிடும்" என்றார். ஏற்ற மாட்டேன் என்று சொன்னேன். அது பொய்யில்லை.

ஊர் எல்லையைத் தாண்டவில்லை, வழி அடைத்திருந்தது. இட ஒதுக்கீட்டுக்கான போராட்டம் மறுபடி தொடங்கியிருக்கிறது. கொடி கட்டிய வேன்களும் குட்டியானை லாரிகளும் ரோட்டை நிறைத்து நிற்க, ஜனம் இறங்கிக் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க நடந்துகொண்டிருந்தது. நீ இருந்திருந்தால் கண்ணாடியை இறக்கி யாரையாவது விசாரித்திருப்பாய்.

நாம் பள்ளியில் படித்தபோது இதே ஒதுக்கீடு கேட்டுச் சின்னசேலத்தில் புளியமரங்களை வெட்டி ரோட்டில் போட்டதையும், வெட்டியவர்களில் உன் பெரியப்பா ஒருவர் என்பதையும் நீ மறைத்ததே இல்லை. "அந்த மரம் வுழுந்ததாலதான் நான் டாக்டர்" என்பாய். அதற்குப் பிறகு வந்த ஒதுக்கீட்டில் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தவள் நீ. நான் காலனியிலிருந்து வந்தவள், எனக்கு வேறு பட்டியல். இப்போது உன் ஒதுக்கீட்டுக்குள்ளேயே தனிப் பங்கு கேட்கிறார்கள். நியாயமா என்று மலை ஏறும்போதெல்லாம் சண்டை போடுவோம். நீ கத்துவாய், நான் ஒற்றை வரியில் மறுப்பேன். யார் சொன்னது சரி? இனி எனக்கு அதை யாரோடு தீர்த்துக்கொள்வது?

என்ஜினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தபோது கண்ணாடியில் தட்டினார்கள். மஞ்சள் சேலை கட்டிய இரண்டு பெண்கள். இறக்கினேன்.

"டாக்டரம்மாதான? நான் சொன்னேன் இல்லடி, ஸ்கேன் எடுக்கிற டாக்டரம்மான்னு! நான் நைனார்பாளையம் அஞ்சலைங்க. எம் பொண்ணுக்கு உங்க ஆஸ்பத்திரிலதான் பிரசவம்."

எனக்கு நினைவில்லை. வயிறுகள்தான் எனக்கு நினைவிருக்கும், முகங்கள் உனக்கு.

"புது வண்டிங்களா? இன்னா இவ்ளோ தாழ்வா இருக்குது? எங்க ரோட்டுல வந்தா வவுத்துல கீறிக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "காலையிலேர்ந்து நின்னுக்கினே இருக்கோம், காலு கடுக்குது. செத்த உக்காந்துக்கட்டுங்களா?"

ரகு என் பக்கம் சாய்ந்து, "மேடம், இது டெமோ வண்டி மேடம்" என்றார்.

"உக்காருங்க" என்றேன் அவர்களிடம்.

அஞ்சலையும் அவளுடைய ஓரகத்தியும் ஏறினார்கள். கதவு தானாக இழுத்துச் சாத்திக்கொண்டதில் இருவருக்கும் சிரிப்பு. எனக்கு என்ன தோன்றியதோ, முதுகு பிடித்துவிடும் பொத்தானை அழுத்துங்கள் என்று ரகுவிடம் சொன்னேன். அவர் அழுத்தினார்.

"அய்யய்யோ! முதுவுல இன்னாமோ ஊருதுடி!"

"பேசாம உக்காருக்கா. இத்தினி வருசத்துல உம் புருசன் ஒரு நாளு புடிச்சி வுட்டிருப்பானா?"

ரகுவே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன் போலிருக்கிறது. கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தேன். நீ பார்த்திருக்க வேண்டும்.

அப்போதுதான் அஞ்சலை கேட்டாள்: "உங்க அக்கா எங்க டாக்டரம்மா? அவங்கதான வண்டி ஓட்டுவாங்க? நீங்க பக்கத்துல உம்முனு உக்காந்துக்கினு வருவீங்களே?"

இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும், அக்கா இல்லை, கூடப் படித்தவர் என்று நான் திருத்தியிருக்கிறேன். இந்தப் பக்கம் ஊருக்கும் காலனிக்கும் நடுவே அந்தச் சொல்லை விவரம் தெரிந்த யாரும் வைக்க மாட்டார்கள். அவளுக்கு விவரம் தெரியாது. அன்று திருத்த எனக்கு மனம் வரவில்லை.

"அக்கா செத்துப் போச்சு" என்றேன். "ஆடி மாசம். நெஞ்சு வலி."

முதுகைப் பிடித்துவிடும் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ரகு அதை அணைத்தார்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டாள். "எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலயே! நைனார்பாளையம் இன்னா சீமையிலயா இருக்குது? எம் பொண்ணு வலியில துடிச்சிக்கினு கெடக்க, மலைலேர்ந்து எறங்கி சேத்துக் காலோட ஓடியாந்து பாத்தவங்க அவங்க. அவங்க சாவுக்கு நாங்க வர வேணாமா?"

"கொரோனா நேரம். கூட்டம் கூடாதுன்னு..."

"கூட்டம் கூடாது சரி. எழவு சொல்லவும் கூடாதா? கூடப் பொறந்தவங்க நீங்க சொல்லலன்னா யாரு சொல்லுவாங்க?"

அவள் முன்பக்கம் குனிந்து கேட்டாள்: "மலைக்காவது சொன்னீங்களா?"

"இல்லை."

கோதை, உன் சாவு நாளில் உறவுக்காரர்கள் மட்டும் உள்ளே வரலாம் என்றார்கள். சட்டம் அப்படி, யாரையும் குறை சொல்ல முடியாது. கேட்டுக்கு வெளியே எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் என்னைத் தாண்டி உள்ளே போய் உன் வீட்டுக்காரரிடம் விசாரித்தார்கள். அதுதான் முறை. உனக்கு நான் என்ன முறை? என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. எனக்கும் அங்கே உரிமையோடு அழத் தெரியவில்லை. இழவு சொல்வது உறவின் வேலை. எனக்கு அந்த வேலை இல்லை என்றுதான் நானும் இத்தனை மாதம் நினைத்திருந்தேன்.

இங்கே ஒருத்தி, ஏன் சொல்லவில்லை என்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். அப்படித் திட்டினால்தானே ஒருவருக்கு அந்தக் கடமை இருந்தது என்று அர்த்தம்? கையை நீட்டி என் தோளைப் பிடித்தாள். யாரையும் தொடக்கூடாத காலம் இது. நான் விலகவில்லை. முகக்கவசம் நனைந்து மூச்சு முட்டியது. கழற்றிவிட்டு, ரோட்டில், அத்தனை கொடிகளுக்கு நடுவே அழுதேன். ரகு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேனிலிருந்து யாரோ கத்தினார்கள்: "ஏ அஞ்சல! மனு குடுக்க வரியா, காருலயே குடித்தனம் பண்ணப் போறியா?"

"வரேன் இருடா, ஒரு சாவு கேட்டுக்கினு இருக்கேன்!" என்று பதிலுக்குக் கத்தினாள். இறங்கும்போது முந்தானையால் சீட்டைத் துடைத்துவிட்டு, என்னிடம் மெதுவாக, "போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

வழி திறக்க வெகுநேரம் ஆனது. மறுநாள் ரகு போன் செய்தார்.

"முடிவு பண்ணிட்டீங்களா மேடம்?"

"அந்த வண்டி வேண்டாம் ரகு."

"அந்தம்மாங்க உக்காந்ததாலயா மேடம்? சுத்தமா துடைச்சாச்சு."

"அவங்க உக்காந்ததாலதான். மலை ஏறுற வண்டி ஏதாவது இருந்தா கொண்டாங்க."

"இருக்கு மேடம். ஆனா அதுல முதுகு புடிச்சி வுடாது."

பரவாயில்லை என்றேன். நீயும் அதைத்தான் சொல்லியிருப்பாய், கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு.

உன் செய்தி மலைக்கு எப்படியும் போயிருக்கும். கீழே வந்து போகிறவர்கள் சொல்லியிருப்பார்கள். ஆனால் யாரும் உனக்காகப் படியேறிப் போய்ச் சொல்லவில்லை. எனக்குப் பிரசவம் பார்க்கத் தெரியாது, நான் போய் என்ன செய்வது என்றுதான் இத்தனை நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். சாவு சொல்வதற்குப் பிரசவம் பார்க்கத் தெரிய வேண்டியதில்லை. அதற்குப் பிறகு, யாரைக் கீழே அழைத்து வர வேண்டும் என்று பார்க்க எனக்குக் கண் இருக்கிறது. சேலத்து டாக்டரிடமும் பேசிவிட்டேன். அடுத்த மாதம் தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

புது வண்டிக்காகக் காத்திருக்கப் போவதில்லை. வரும் ஞாயிறு வெள்ளிமலை பஸ் ஏறுகிறேன். நீ வண்டியை நிறுத்துகிற ஒவ்வொரு ஊரிலும் இறங்கி, ஒவ்வொரு வாசலிலும் நின்று, கோதை இறந்துவிட்டாள் என்று என் வாயால் சொல்வேன். இவ்வளவு தாமதமாகவா சொல்வது என்று திட்டுவார்கள். திட்டி முடிக்கும்வரை நிற்பேன். நீ யார் சொல்ல வந்தவள் என்று யாராவது கேட்டால், அதற்கும் பதில் வைத்திருக்கிறேன்.

உன் கூடப் பிறந்தவள்,
விமலா