இரண்டு மகள்மார் காத்திருந்த வெள்ளிக்கிழமை

வெக்ஸ்போர்ட்,
வெள்ளி இரவு.

அன்பு மகள் துவாரகாவுக்கு,

நாங்கள் நல்ல சுகம், உன் சுகம் அறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனையை எடுத்தேன். ஆனால் உன் சுகம் எனக்கு ஏற்கெனவே தெரியும். நாலு வருடமாக அம்மா குளியலறைக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டு உன்னோடு கதைப்பதும், வெளியே வந்து தலை முழுகினனான் என்று காய்ந்த தலையோடு சொல்வதும் நான் அறியாததல்ல. செவ்வாய்க்கிழமை பதற்றத்தில் தண்ணீரைத் திறக்க மறந்துவிட்டாள். உனக்கு இரண்டு தரம் இரத்தம் போனதையும், எட்டு மாதம் நிறையமுன் திங்கட்கிழமை காலை வெட்டிப் பிள்ளையை எடுக்கப் போவதையும், உனக்கே ஆபத்து இருக்கிறது என்று டொக்டர் மறைக்காமல் சொன்னதையும் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. தம்பி வாகீசன், போன் எடுத்துக் கதையுங்கோவன் அப்பா, மெல்பேர்ண் என்ன சந்திரனிலயா இருக்கு என்று ஏசினான். அவனுக்கு லேசு.

நான் இப்போது பாதர்ஸ்ட் பக்கம் ஒரு யூதப் பெரியவருக்கு உதவியாளாகப் போய் வருகிறேன். ஸில்பர்மன் என்று பெயர், எண்பத்தெட்டு வயது, மனைவி இல்லை, ஒரே மகள் இந்த நாட்டின் மற்றக் கரையில், வன்கூவரில். முதல் கிழமையே இறைச்சிக்கென்று வைத்திருந்த சட்டியில் தேத்தண்ணீருக்குப் பால் காய்ச்சிவிட்டேன். இறைச்சியோடு பால் சேர்ந்தால் அவர்களுக்கு ஆகாது. மனிசன் கத்தவில்லை, அந்தச் சட்டி இனி உன்னுடையது என்று தந்துவிட்டார், அம்மா அதில்தான் சொதி வைக்கிறாள். தோரா என்ற அவர்களுடைய வேதத்தில் கிழமைக்கு ஒரு பகுதி வாசிப்பார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் அதை எனக்கும் சொல்லிவிட்டு, இதுக்கும் உன் வீட்டுக்கும் இந்தக் கிழமை என்ன சம்பந்தம் என்று கேட்பார், பள்ளிக்கூடச் சோதனை மாதிரி. பெருவெள்ளத்தின் கதை வந்த கிழமை, உன் பக்கத்து வீட்டு நிலவறைக்குள் தண்ணீர் வந்தது என்றாயே, போய்க் கை கொடுத்தாயா என்று கேட்டார். போகவில்லை, வெட்கப்பட்டு அன்று இரவே வாளியோடு போனேன். அதற்கு முன் அவர்களுடைய பெரிய விரதம் வந்தது. கந்தசஷ்டி பிடிக்கிற எனக்கு விரதம் புதிதில்லை. ஆனால் மனிதருக்குச் செய்த பிழையை விரதம் கழுவாது, அந்த மனிதரிடமே போய்க் கேட்கவேண்டும் என்றார். நான் அவருடைய சப்பாத்தைத் துடைத்த இடத்திலேயே திரும்பத் திரும்பத் துடைத்தேன். ஏனென்றால் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, எனக்கு ஒரேயொரு மகன்தான் என்று அவருக்குச் சொல்லியிருந்தேன்.

இன்றைக்கு வந்தது ஈசாக்கு என்ற குருட்டுத் தகப்பனின் கதை. உன் கணவன் பிரசாந்தின் கிறிஸ்தவ வேதத்திலும் இருக்கும், கேட்டுப் பார். இளையவன் ஏமாற்றி ஆசியை வாங்கிக்கொண்டு போய்விட, மூத்தவன் வந்து, அப்பா, உங்களிடம் ஒரே ஒரு ஆசிதானா இருக்கு, எனக்கும் தாங்கோ என்று குழறி அழுகிறான். பெரியவர் வாசித்து முடித்து, உன் வீட்டில் அப்படி நிற்கிறது ஆர் என்று கேட்டார். என் வாய் என்னைக் கேளாமலே, எனக்கு ஒரு மகளும் இருக்கிறாள் என்றது. எல்லாவற்றையும் சொன்னேன். கிறிஸ்துநாயகத்தின் மகன் பிரசாந்தை நீ ரெஜிஸ்டர் கலியாணம் செய்ததும், வேதக்காரன் என்ற ஒரே காரணத்துக்காக நான் முகம் கொடுக்காததும், நீங்கள் மெல்பேர்ணுக்குப் போன அன்று விமான நிலையத்தில் எத்தனையோ சனத்துக்கு முன்னால் நீ குனிந்து என் காலைத் தொட வர நான் காலைப் பின்னுக்கு இழுத்ததும். உன் விரல் வெறும் தரையில் பட்டது. நீ அந்தத் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாய். அதைச் சொல்லும்போது அழுதேன் மகள், அறுபத்துமூன்று வயதில் அந்நியர் வீட்டுக் குசினியில் நின்று அழுதேன்.

வெள்ளி பொழுதுபடமுன் அவர் மகளைக் கூப்பிட்டு ஆசி சொல்வார். போனை மேசையில் வைத்து, அதற்கு மேலே கையை விரித்துப் பிடிப்பார், அவளுடைய தலை அங்கே இருக்கிறது போல. பொழுதுபட்டால் அவர்களுடைய ஓய்வுநாள், மறுநாள் இருட்டும்வரை போனைத் தொடமாட்டார். இன்றைக்கு இருபது நிமிடம்தான் இருந்தது. போனை என் பக்கம் தள்ளி, முதலில் நீ கதை என்றார். வாகீசன் எழுதித் தந்த உன் இலக்கம் சட்டைப்பையில் இருந்தது. கடைசி எண் ஒன்றுதான் பாக்கி, விரல் போகவில்லை. நீ எடுக்காவிட்டால் என்ன செய்வேன், எடுத்தால் என்ன சொல்வேன். யன்னலில் வெளிச்சம் குறையக் குறைய அவர் மணிக்கூட்டைப் பார்த்தாரே தவிர, போனைத் திருப்பிக் கேட்கவில்லை. பிறகு எழும்பி மெழுகுதிரியை ஏற்றினார், போனை எடுத்து மேசை லாச்சிக்குள் வைக்கும்படி எனக்குக் கை காட்டினார். இந்தக் கிழமை இரண்டு மகள்மார் காத்துக்கொண்டு இருக்கினம் என்று மட்டும் சொன்னார். என் கோழைத்தனத்தால் அவருடைய பிள்ளைக்கும் ஆசி இல்லாமல் போனது. பஸ்ஸில் வரும் வழி முழுக்க எனக்கு அந்தச் சொல்தான்.

வந்து சப்பாத்துக் கழற்றாமல் இதை எழுதுகிறேன். என்னை மன்னித்துக்கொள் பிள்ளை. நான் செய்தது பிழை. வீம்பு பிடித்த மனிசன் நான், அது உனக்குத் தெரியும், ஆனால் உன்னை நினையாத நாள் இல்லை. சின்ன வயதில் பெனிசிலின் போட்டு உனக்கு உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டியது, நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். அதை டொக்டருக்கு மறக்காமல் சொல்லு. சளி இருந்தாலும் மறைக்காதே.

அம்மா குளியலறைக்குப் போகாமல் இங்கே என் பக்கத்திலேயே இருக்கிறாள். தம்பி இதைப் படமெடுத்து இப்போதே அனுப்புவான். கடைசிப் பக்கத்தில் என் வலது கையை வைத்துப் பேனையால் சுற்றிக் கீறியிருக்கிறேன், அதை அளவு குறையாமல் பிரிண்ட் எடுக்கச் சொல்லு. திங்கட்கிழமை உன்னை உள்ளே கொண்டுபோகமுன் பிரசாந்த் அதை உன் தலையில் வைக்கட்டும். பிறகு நீ அவனுடைய தலையிலும் வை. என்னிடம் ஆசி ஒன்றுக்கு மேல் இருக்கிறது. நல்லூரான் துணையாக நீயும் பிள்ளையும் குறைவில்லாமல் நூறாண்டு வாழவேண்டும்.

எழும்பி நடக்கத் தொடங்கியதும் மூன்று பேருமாக ஒருக்கா வாருங்கள். அதே விமான நிலையத்தில்தான் நிற்பேன். இந்த முறை கால் அசையாது.

உன் அப்பா,
பொன்னம்பலம்