கையில் வைத்த ஆறு குச்சிகள்

நீர்வேலி,
12.02.1995

அன்புள்ள செபஸ்தியக்காவுக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். உங்கள் சுகம் அறிய ஆவல். எங்கள் பிள்ளை குகன் பொம்மர் விமானம் போட்ட குண்டில் போய்விட்டதை முன்பே எழுதினேன். பதில் இல்லை, கிடைத்திருக்காது. இப்போது சண்டை ஓய்ந்திருப்பதால் இது வந்து சேரும் என்று நம்புகிறேன்.

கொழும்பில், கொட்டாஞ்சேனையில் உங்கள் பக்கத்து வீட்டில் இருந்தபோது, குகனுக்கு ஒரு வயதில், நீங்கள் வேலை செய்யும் கிளினிக்குக்குக் கூட்டிப்போய், பிள்ளை தங்காமலிருக்க என் கைத்தோலுக்குள் ஆறு மருந்துக் குச்சிகள் வைப்பித்தீர்களே. ஐந்து வருடத்தில் எடுக்க வேண்டும் என்றார்கள். ஆறாகிவிட்டது. இங்கே எடுத்துப் பழகியவர் எவரும் இல்லையாம். அவை நெஞ்சுக்கு ஓடிவிடும் என்கிறா மாமி. ஓடுமா? இவ்வளவு காலம் கிடந்தது நஞ்சாகியிருக்குமா? எடுத்தால் பிள்ளை தங்குமா? ஊரில் காயத்துக்கு மருந்து கட்டுகிறவர் பிளேட்டால் கீறி எடுத்துத் தருகிறேன் என்கிறார்.

வீட்டில் இவர் குகனின் சட்டைகளை எடுத்துத் திரும்பத் திரும்ப மடித்து வைக்கிறார்.

அன்புடன்,
பூரணம்

கொழும்பு,
04.03.1995

அன்பான பூரணத்துக்கு,

குகனின் செய்தி எனக்கு உன் இந்தக் கடிதத்தில்தான் வந்தது. பஸ் தரிப்பில் நின்று வாசித்தேன். வந்த பஸ்களையெல்லாம் விட்டுவிட்டு அங்கேயே நின்றேன்.

குச்சிகள் நெஞ்சுக்கு ஓடாது; வைத்த இடத்தில்தான் கிடக்கும். நஞ்சும் இல்லை. மருந்து குறைந்திருக்கும், அவ்வளவுதான். ஊசி போட்டுக் கையை விறைக்கவைத்துச் சின்னதாகக் கீறி எடுப்பார்கள். பிறகு பிள்ளை தங்கும். பழகாத ஆளிடம் கையைக் கொடுக்காதே, சீழ் பிடிக்கும்.

ஒன்றைக் கவனி. மருந்து குறைந்த நேரத்தில் கர்ப்பம் வந்தால் சிலவேளை கருப்பைக்கு வெளியே, குழாயில் தங்கிவிடும். மாதவிலக்குத் தள்ளிப்போய் அடிவயிறு குத்தினால் வீட்டில் படுத்திருக்காதே, ஆஸ்பத்திரிக்கு ஓடு. சித்திரை வருடப்பிறப்பு முடிய இங்கே வா. பக்கத்தில் நான் நிற்பேன்.

உன் அக்கா,
செபஸ்தியம்மா

நீர்வேலி,
20.08.1995

அன்புள்ள அக்காவுக்கு,

வரத்தான் இருந்தோம். வருடப்பிறப்பு முடிந்த கையோடு சண்டை தொடங்கிவிட்டது, ஊரைவிட்டு வெளியேறப் பாஸ் கிடைக்கவில்லை.

போன மாதம் மாதவிலக்குத் தள்ளிப்போனது. ஒருவருக்கும் சொல்லாமல் சந்தோசமாக இருந்தேன். பிறகு வலி. சூடு என்று மாமி மல்லி அவித்துத் தந்தா. நீங்கள் எழுதியதை இவருக்குச் சொன்னேன். சைக்கிளில் ஏற்றி, ஷெல் விழுந்துகொண்டிருந்த றோட்டால் மிதித்துக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். குழாய் வெடித்துவிட்டதாம், அதை வெட்டி எடுத்துவிட்டார்கள். மயக்கத்தில் கிடந்தபோதே கைக்குச்சிகளையும் தேடித் தேடி எடுத்திருக்கிறார் டொக்டர்.

கண் விழித்தபோது இவர் அழுதுகொண்டிருந்தார். "இனிப் பிள்ளை வேண்டாம் பூரணம். நீ இருந்தாக் காணும், அதுவே போதும்" என்றார். நான் தலையாட்டினேன்.

ஆனால் அக்கா, எனக்கு வேண்டும். இவருக்குச் சொல்லாமல் கேட்கிறேன். ஒரு பக்கக் குழாயோடு பிள்ளை பெறலாமா? இங்கே கேட்க வாய் வரவில்லை.

பூரணம்

கொழும்பு,
18.11.1995

என் பூரணம்,

உன் கடிதம் போன கிழமைதான் கைக்கு வந்தது. அதற்குள் உங்கள் வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் மழைக்குள் நடந்து தென்மராட்சிக்குப் போய்விட்டது என்கிறார்கள். நீர்வேலிக்குத் தபால் எடுக்கமாட்டோம் என்று தபால் கந்தோரில் சொல்லிவிட்டார்கள்.

ஓம், பெறலாம். மற்றக் குழாய் சுகமாக இருந்தால் பிள்ளை தங்கும். நாள் தள்ளியதும் உடனே போய்க் காட்டு. அது மட்டும் போதும்.

இதையே பல தாளில் எழுதி, தென்மராட்சியில் சாவகச்சேரிப் பக்கம் போகிற ஆட்களிடமெல்லாம் கொடுத்துவிடுகிறேன். இதைப் பிரித்து வாசிப்பவர் யாராக இருந்தாலும் கோபமில்லை. நீர்வேலிச் சீவரத்தினத்தின் மனைவி பூரணத்தை எங்காவது கண்டால், செபஸ்தியக்கா 'ஓம்' என்று சொன்னா என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

செபஸ்தியம்மா