மகன் அனுப்பிய டப்பா

பாலக்கரை, திருச்சி.

அன்பு மகன் ஜமீலுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். தம்மாமில் வெயில் தணிந்ததா? போனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள். ஆகவே லீவு முடிந்து அங்கே திரும்பும் உன் கூட்டாளி அயானிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மாவுக்குச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, முழங்கால் வலி இருப்பது உனக்குத் தெரியும். கால் வீங்குவதற்குக் கிட்னிதான் காரணம் என்று இப்போது சொல்கிறார்கள். செவ்வாய் சர்க்கரை, புதன் எலும்பு, வியாழன் கிட்னி. ஒரே ஆஸ்பத்திரிதான், ஆனால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிப்பதில்லை. எலும்பு டாக்டர் தினமும் நட என்கிறார். பாதத்தில் புண் இருக்கிறது, நடக்காதே என்கிறார் சர்க்கரை டாக்டர். எதைத்தான் கேட்பது? கேட்டுவிடலாம் என்று அறை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். சரியாகப் புரிந்துகொள்ளாதவன் நானோ என்ற சந்தேகமும் உண்டு.

எந்த நாள் போனாலும் பெஞ்சில் அதே முகங்கள். முசிறி காளியாயி, ஸ்ரீரங்கம் சுபலட்சுமி அம்மாள், உன் அம்மா. யாருக்கும் ஒரு நோயோடு நிற்பதில்லை. முதலில் சர்க்கரை, பின்னாலேயே கொதிப்பு, அப்புறம் முட்டி, கடைசியில் கிட்னி. "நாங்க ஒரே பஸ்ஸுல ஏறுனவங்க பாய், எறங்குற எடந்தான் வேற" என்று காளியாயி சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வாரம் கிட்னி டாக்டர், "வேற மாத்திரை ஏதாச்சும் போடுறீங்களாம்மா?" என்று கேட்டார். இளம்பெண், பொறுமையாகத்தான் கேட்டார். அம்மா இல்லவே இல்லை என்றாள். நானும் தலையாட்டினேன். வேளைவாரியாக மாத்திரையைப் பிரித்து வைப்பவன் நான்தானே! வெளியே வந்தால் காளியாயி, "வஹீதாம்மா, அந்த சவுதி மாத்திரை இன்னும் நாலு குடுங்க, முட்டிக்கு நல்லா கேக்குது" என்கிறார். அம்மா கைப்பையிலிருந்து நீ அனுப்பும் வலி மாத்திரை டப்பாவை எடுத்து நாலு கொடுத்தாள். தினமும் போடுகிறாளாம். டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்றேன்.

"அது மருந்தாங்க? புள்ள அனுப்புனதுங்க" என்றாள்.

டப்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். வரிசையில் நின்றவர்கள் திட்டினார்கள். டாக்டர் அதைப் பார்த்ததும், "கிட்னிக்கு இதுதாங்க ஆகவே ஆகாது. இன்னையோட நிறுத்துங்க. இல்லேன்னா டயாலிசிஸ்ல போய் நிக்கும்" என்றார். அம்மாவையும் காளியாயியையும் உள்ளே கூப்பிட்டு எச்சரித்தார். காளியாயி அப்போதே மாத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். உன் அம்மாவோ, "அப்ப எம்புள்ள எனக்கு வெஷமா அனுப்புனான்?" என்று டப்பாவைப் பிடுங்கிக்கொண்டாள். இப்போது அது அவள் தலையணைக்கு அடியில் இருக்கிறது. எடுத்து எறிய எனக்குத் தைரியம் வரவில்லை. நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன், பெண்டாட்டிக்கு இதை விளங்கவைக்க முடியாமல் தவிக்கிறேன்.

உன்மேல் தப்பில்லை. வலிக்கிறது என்று அவள் சொன்னாள், நீ அனுப்பினாய். ஆனால் இனி உன் வாயால் சொன்னால்தான் கேட்பாள். கடிதம் கிடைத்த அன்றே போன் பண்ணு. கிட்னி பேச்சை எடுக்காதே. அந்த டப்பா தேதி முடிந்தது, தொடக்கூடாது என்று சொல். பொய்தான், அல்லாஹ் மன்னிப்பான். புதிதாக அனுப்பு என்பாள். அனுப்பாதே. அடுத்த லீவில் நானே கொண்டுவருகிறேன் என்று சொல்.

வரும்போது வெறுங்கையோடு வா, மகனே. அவளுக்கு அது போதும்.

உன் உடம்பு நலத்துக்குத் தொழுகைதோறும் துஆ கேட்கும்,
அப்துல் சலாம்